பேரரசனின் பிழையான விடை

இன்று காலை ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் எனக்கு முன்னால் போன ஓட்டோவின் பின்பக்கத்தில் உன் படம். கீழே ‘பௌதிகவியலின் பேரரசன்’. நீ போய் ஒரு வருடமாகப் போகிறது. வெயிலில் உன் மீசை நீலமாகிவிட்டது, பட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

பள்ளியில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தோம். அப்போதே உனக்கு விடைதான் வேண்டும், வழி வேண்டாம். பிறகு நான் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புக்குப் படிப்பித்தேன். நீ மண்டபமும் மைக்கும் பிடித்து ஊருக்கே டியூஷன் படிப்பித்தாய். இயக்கசக்தி மாறாத மீள்தன்மை மோதுகைக் கணக்கென்றால் உனக்கு ஒரே மந்திரம்: “மோதினது நிக்கும், மற்றது ஓடும். உந்தத்தை மட்டும் போடுங்கோ, விடை வரும்.” மோதும் இரண்டு பொருளின் திணிவும் சமமென்றால் சரி, இல்லாவிட்டால் சுத்தப் பொய். தேநீர்க் கடையில் நான் இதைச் சொன்னபோது, “பாஸ் பண்ணினால் காணும் மச்சான்” என்று வடையைக் கடித்தாய்.

கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் என் மாணவி பஸ்லியா உன் வகுப்புக்கும் வந்தாள். சக்திக்காப்பையும் பார்க்க வேண்டாமா என்று எழும்பிக் கேட்டாள். “கேள்வி கேக்கிற ஆக்கள் பள்ளிக்கூடத்திலேயே இருங்கோ” என்று மைக்கில் சொன்னாய். மண்டபமே சிரித்ததாம். பொறியியலாளராக ஆசைப்பட்ட பிள்ளை, கலைப்பிரிவுக்கு மாறப் போகிறேன் என்று திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் முன்னால் நின்றாள். அன்று உன்னை மனதார வெறுத்தேன்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. கரம் விளையாட்டுப் போட்டை மேசையில் வைத்து ஸ்ட்ரைக்கரை அவளிடம் கொடுத்தேன். ஸ்ட்ரைக்கருக்குக் காயைவிட மூன்று மடங்கு திணிவு. நேராக அடித்தாள். ஸ்ட்ரைக்கர் நிற்காமல் காயின் பின்னாலேயே போனது. உன் விடையைப் பலகையில் எழுதினேன்: ஸ்ட்ரைக்கர் நிற்கும், காய் மூன்று மடங்கு வேகத்தில் ஓடும். உந்தம் சரி. இயக்கசக்தியை அவளே போட்டுப் பார்த்தாள். மூன்று மடங்காகியிருந்தது.

“இவ்வளவு சக்தி எங்க இருந்து சேர் வந்தது?”

இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்த்தாள். ஸ்ட்ரைக்கருக்குப் பாதி வேகம், காய்க்கு ஒன்றரை மடங்கு. அடுத்த சனிக்கிழமை உன் மண்டபத்தில் எழும்பி அதே கேள்வியை உன்னிடம் கேட்டாள். பேரரசன் மைக்கை நிறுத்திவிட்டு இடைவேளை விட்டாராம். கலைப்பிரிவுக் கதையை அவள் பிறகு எடுக்கவில்லை.

உன் செத்தவீட்டில் எல்லாரும் உன்னைப் புகழ்ந்தார்கள். நானோ, பஸ்லியா கரம் அடித்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்தை உன் பிழையான விடையைப் பலகையில் எழுதித்தான் தொடங்குகிறேன். அதைவிட நல்ல தொடக்கம் எனக்கு வாய்க்கவில்லை. உன்னிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். அதையும் மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் அழித்துவிடுகிறார்கள்.