அம்மா கண்ணுக்குத் தெரிகிற செடிகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும். என் சுகத்தைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னால் நின்றால் சுகம், குப்புறப் படுத்தால் சுகம், உட்காரும்போது மட்டும் கொஞ்சம் யோசித்து உட்கார வேண்டியிருக்கிறது. ஏன் என்று கீழ்வீட்டுத் தையல்கார அக்கா உனக்குப் போன் போட்டுச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், அவள் சொன்னால் பாதி சிரிப்பிலேயே போய்விடும், மீதி இட்டுக்கட்டியதாக இருக்கும். விஷயம் இதுதான், போன வாரம் உன் அப்பா ஒரு பூந்தொட்டிக்குள் மாட்டிக்கொண்டார். பால்கனிக்கென்று புதிதாக ஒரு பெரிய தொட்டி வாங்கினேன், அப்போது அதில் மண் போட்டிருக்கவில்லை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் கண் எந்த உயரத்தில் இருக்கும், அங்கிருந்து எது தெரியும் எது தெரியாது என்று பார்க்க ஆசைப்பட்டேன். உள்ளே போய் நாற்காலியைத் தூக்கிவர சோம்பல், தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்தேன். விளிம்பு என்னைத் தாங்குமா என்றுதான் பயந்தேன், அது நன்றாகத் தாங்கியது, நான்தான் வழுக்கி உள்ளே இறங்கிவிட்டேன். இடுப்பு உள்ளே, கையும் காலும் வெளியே, கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி. அம்மாவைக் கூப்பிட வெட்கமாக இருந்தது. கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா மேலே பார்த்து, கம்பிக்கு நடுவே இரண்டு கால் தனியாக ஆடுவதைக் கண்டு, மாடி வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்தாள். ஆளுக்கொரு கையாக இழுத்தார்கள், முதலில் தொட்டியும் என்னோடு சேர்ந்து எழுந்தது. வாத்தியார் நிதானமாக, சார் வேரோட எடுக்கணுமா இல்ல தொட்டியோட வச்சுக்கிறீங்களான்னு கேட்டார். படித்தவர், வேளை பார்த்துத்தான் கேட்டார்.

சரி, நான் ஏன் தொட்டியில் உட்காரப் போனேன் என்பதுதான் இந்தக் கடிதம். போனில் இதெல்லாம் பேச முடியாதம்மா, இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று குசுகுசுத்தாலும் உன் அம்மா காதில் விழுந்துவிடும், கண் மங்கினதிலிருந்து காது அவளுக்கு இரண்டு பங்கு வேலை செய்கிறது. டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும், கண்ணின் நடுவில் புகை படிந்த மாதிரி மறைக்கும், ஓரம் தெரியும், முழுசாக இருட்டாகிவிடாது, ஆனால் போனது திரும்பாது. அதற்கு மேல் நடந்ததை உன்னிடம் நாங்கள் சொல்லவில்லை. அவள் பால்கனிக்குப் போவதையே விட்டுவிட்டாள். நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் செடியெல்லாம் எப்படிம்மா இருக்குன்னு கேட்பாய், அவளும் உள்ளே கட்டிலில் உட்கார்ந்துகொண்டே ஜம்முனு இருக்குடின்னு சொல்வாள், நான் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு இருப்பேன். அவள் வளர்த்ததெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும், கடுகளவு வெள்ளைப் பூ, நூல் மாதிரி இலை, மூக்கை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டிய செடிகள். அதெல்லாம் அவளுக்கு இப்போது ஒரே சாம்பல் கலங்கல். குளிர் முடிகிற சமயத்தில் ஒருநாள் சொல்லிவிட்டாள், தொட்டியெல்லாம் தையல்கார அக்காவுக்குக் குடுத்துடுங்க, கண்ணுக்குத் தெரியாததுக்கு நான் எதுக்குத் தண்ணி ஊத்தணும், அங்க துணி காயப் போட்டுக்கலாம் என்று. அழவில்லை, கோபப்படவில்லை, பழைய பாத்திரத்தைக் கழிக்கிற குரலில் சொன்னாள்.

நான் சொன்னேன், இந்த ஒரு வெயில் காலத்தை என்கிட்ட விடு, உனக்குத் தெரியற மாதிரி செடி நான் வைக்கிறேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. உங்களுக்கும் செடிக்கும் என்னங்க சம்பந்தம், ரோட்டோரத்துல முளைச்ச புல்லுக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடிச்சுட்டு வந்த ஆளுதானே நீங்கன்னாள். உண்மைதான், காலம் பூராவும் நான் பார்த்தது சாலையில் கோடு போடுகிற வேலை. நேராக நான் செய்த ஒரே காரியம் அந்தக் கோடுதான் என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் ஒத்துக்கொண்டாள். வெயில் முடியறதுக்குள்ள ஒண்ணாவது எனக்குத் தெரிஞ்சா பாக்கலாம், இல்லேன்னா தொட்டி கீழ போயிடும், அப்புறம் பேசக் கூடாதுன்னாள். மறுநாளே அக்கா மேலே வந்து தொட்டியையெல்லாம் விரலால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். விரிசல் பார்க்கிறாளாம்.

நேரே நர்சரிக்குப் போனேன். அங்கே செடி விற்கிறவனுக்குத் தலை நிறைய சுருட்டை முடி, எல்லோரும் அவனைச் சுருட்டை என்றுதான் கூப்பிடுகிறார்கள். தம்பி, தூரத்துல இருந்து பாத்தாலே கண்ணைக் குத்தணும், அப்படி ஏதாவது குடுன்னேன். அவன் ஒரு கணக்குச் சொன்னான், நீயும் இதைக் கேட்டுக்கொள், உனக்கும் பயன்படும். பெரிய தொட்டி என்றால் நடுவில் ஒன்று நிமிர்ந்து நிற்க வேண்டும், அதைச் சுற்றி ஒன்று இடத்தை அடைக்க வேண்டும், விளிம்பில் ஒன்று வெளியே வழிய வேண்டுமாம். எனக்கு உடனே நம் வீடு ஞாபகம் வந்தது. நிமிர்ந்து நிற்பது உன் அம்மா, இடத்தை அடைப்பது நான், தொட்டியை விட்டு வழிந்து எங்கேயோ போனது நீ. கண்ணைக் குத்துவது என்றால் சிவப்புத்தானே என்று நானே முடிவு கட்டி, கருஞ்சிவப்பு இலையோடு சிவப்புப் பூ பூக்கிற கல்வாழை, சுற்றிலும் ரத்தச் சிவப்பில் கோழிக்கொண்டை, விளிம்புக்கு இலையெல்லாம் கறுப்படித்த மாதிரி ஒரு கொடி என்று வாங்கிவந்து நட்டேன். தொட்டிக்குள் நான் மாட்டிக்கொண்டது அந்த நடவுக்கு முதல் நாள்தான். எல்லாம் வைத்து முடித்து, தரையைக் கழுவி, நாற்காலியைப் போட்டு, வாடி வந்து பாருடி என்று கூப்பிட்டேன், குரலில் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

வந்தாள். நின்றாள். எதையாவது பார்க்க வேண்டுமென்றால் இப்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால்தான் பார்க்கிறாள், அப்படி இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, என்னங்க, கரி மூட்டையை அடுக்கி வச்சிருக்கீங்க என்றாள். அதோடு விடவில்லை. சுவரு என்ன கலருன்னாள், செங்கல் கலரு என்றேன், அவளுக்குத் தெரியாதா என்ன. இலை என்ன கலரு, கருஞ்சிவப்பு. பூவு, சிவப்பு. ஏங்க, காலம் பூரா ரோட்டுல கோடு போட்டீங்களே, என்னைக்காவது தாருமேல கறுப்புக் கோடு போட்டிருக்கீங்களா? சாயங்காலம் வெளிச்சம் குறைந்தால் முதலில் கறுப்பாகப் போவது சிவப்புத்தான், மஞ்சளும் வெள்ளையும்தான் கடைசி வரைக்கும் நிற்கும், இது புதிதாக வேலைக்குச் சேர்கிற ஆளுக்கு நானே முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். அடுப்புத் திருகிலும் படி விளிம்பிலும் அவளுக்காக மஞ்சள் பட்டை ஒட்டியவனும் நான்தான். செடி என்றதும் புத்தி எங்கே போனதோ. என் மூஞ்சி போன போக்கு அவளுக்குத் தெரிந்திருக்காது, ஆனால் நான் விட்ட பெருமூச்சு கேட்டுவிட்டது, சிரிக்க ஆரம்பித்தாள். பால்கனியில் நின்று அவள் சிரித்து எத்தனையோ மாதமாயிற்று. கரி மூட்டைன்னு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், கடைசியில் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வருகிறேன், அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். உங்களை நம்பி அனுப்பினது போதும், நானே வரேன். நர்சரியில் வழக்கம்போல ஒவ்வொரு செடி முன்னாலும் நின்று முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள். சுருட்டை பயந்துபோய் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அண்ணே வீட்ல ஏதாவது சண்டைன்னா இன்னொரு நாள் வாங்கண்ணே, செடி எங்கயும் போயிடாதுன்னான். அவள் காதுதான் தெரியுமே. திரும்பாமலே சொன்னாள், சண்டையெல்லாம் இல்ல தம்பி, எனக்குக் கண்ணு நடுவுல தெரியாது, நேராப் பாத்தா உன் செடியும் தெரியாது இவரும் தெரியமாட்டாரு, ஓரமாப் பாத்தாத்தான் ரெண்டும் தெரியும். அம்மாடி, நம் வீட்டு வாசலைத் தாண்டி அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. தையல்கார அக்காவுக்குக்கூட கண்ணாடி மாத்தணும் என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். சுருட்டையும் அய்யோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை, அப்போ நிழலுக்கு வாங்கக்கா, வெயில்ல எல்லாமே கூசும் என்று செடியை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கறுப்புச் சாக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டினான். அப்புறம் அவள்தான் முதலாளி. அது வேணாம், இது வேணாம், அது எடு. பச்சை இலையில் மஞ்சள் வரி வரியாக ஓடுகிற ஒரு கல்வாழையைப் பார்த்துவிட்டு, ஏங்க, இலையிலேயே யாரோ உங்க ஆளு கோடு போட்டு வச்சிருக்கான் என்று அதை மட்டும் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். சுற்றி அடைக்க எலுமிச்சை நிற இலையோடு கோலியஸ் என்று ஒரு செடி, விளிம்பில் வழிய இளம்பச்சை இலையோடு சர்க்கரைவள்ளிக் கொடி, தனித் தொட்டியில் சூரியகாந்தி, இன்னொன்றில் வெள்ளை இலைச் சேம்பு. சுவருக்கு வெள்ளை அடிக்கட்டுமா என்று கேட்டேன், கை வைக்காதீங்க, மஞ்சளுக்குப் பின்னால இருட்டுத்தான் நல்லது என்றாள். என் தொழிலை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இப்போது காலை டீ அவளுக்குப் பால்கனியில்தான். தண்ணீர் ஊற்றவும் என்னை விடுவதில்லை, மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து அவளே ஊற்றுகிறாள். எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன், வெள்ளைச் சேம்பை நான் சுள்ளென்று வெயில் அடிக்கிற மூலையில் வைத்துவிட்டேன், இலை அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. அவள் மனசு உடைந்துபோகுமே என்று சொல்லாமல் தூக்கிக் கதவுக்குப் பின்னால் ஒளித்தேன். வெளியே வந்து உட்கார்ந்தவள் வாயில் டீயை வைப்பதற்கு முன்னாலேயே, வெள்ளை ஒண்ணு குறையுதேன்னாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்னும் நாலு சேம்பைக் காயப் போடலாம் போலிருந்தது. தொட்டி எதுவும் கீழே போகப்போவதில்லை, சிவப்புச் செடிகளைத்தான் அக்காவுக்குக் கொடுத்தோம், அவள் வீட்டுச் சுவர் வெள்ளை, அங்கே அது ஜொலிக்கிறது, அவளுக்கும் சந்தோஷம்.

உன் பால்கனிக்கு என்ன வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். உன் சுவர் வெளிர் சாம்பல் என்கிறாய், அதனால் நீ தைரியமாக நான் செய்த தப்பையே செய், சிவப்புக் கல்வாழையும் கோழிக்கொண்டையும் அங்கே எடுபடும். சின்னச் சின்னத் தொட்டியாகப் பத்து வாங்காதே, பெரிதாக இரண்டு போதும், வெயிலில் சின்னது மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார். தண்ணீரைக் காலையிலேயே ஊற்று, இலைமேல் ஊற்றாதே, வேருக்கு ஊற்று. தொட்டியை நிரப்புவதற்கு முன்னால் எந்தக் காரணத்தைக் கொண்டும் அதன்மேல் உட்காராதே. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறாயாம், மாப்பிள்ளை சொன்னார், அவரைத் திட்டாதே, நான்தான் தோண்டித் துருவிக் கேட்டேன். நீங்கள் இரண்டு பேரும் உடம்பில் தெம்பும் மனசில் சிரிப்புமாக நீண்ட நாள் இருக்க வேண்டும், அம்மாவும் இதையேதான் சொல்லச் சொன்னாள், கூடவே தலைக்கு எண்ணெய் தடவு என்றும் சொல்லச் சொன்னாள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிடும்போது நான் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன அந்தப் பளபளக்கிற மஞ்சள் சட்டையில் இருப்பேன், சாலையில் லாரிக்காரன் தூரத்திலேயே பார்த்து ஒதுங்குவதற்காகக் கொடுப்பார்களே, அதுதான், பரணிலிருந்து தேடி எடுத்தேன். நீ சிரித்துக்கொள், ஆனால் அம்மா காதில் விழுகிற மாதிரி ஏன் என்று கேட்காதே. இரண்டு நாள் முன்னால் அவள் இலையைத் தொடப்போய் என் காலில் வாளியை வைத்துவிட்டு, நீங்க இங்கயா இருந்தீங்கன்னு கேட்டாள். என் சட்டையெல்லாம் காக்கியும் செங்கல் நிறமும்தானே, சுவரோடு சுவராக நின்றிருக்கிறேன். எதுக்குங்க இந்த வேஷம் என்று கேட்டவளிடம், களைக்கொத்து வச்சுக்க இதுலதான் பெரிய பை இருக்கு என்று சொல்லியிருக்கிறேன். செடிக்கு நடுவில் நானும் உனக்குத் தெரிய வேண்டும் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா