அண்ணன் வெறியன்

நவம்பர் 5, புதன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஹாலில் கயிறு கட்டி, அதற்குக் கீழே குனிந்து குனிந்து நடமாட்டம். ரவியின் ஆபீஸ் சட்டை மட்டும் ஃபேனுக்கு நேரே நாற்காலியில்.

இன்று: கேஸ் புக் பண்ண. நித்யாவுக்கு கிராஃப் நோட். ஆபீஸில் ஜி.எஸ்.டி. நான் அட்மினாக இருக்கும் ரசிகர் குரூப்பில் ஃபாத்திமா போஸ்டைப் பார்க்க.

கடைசியாக எழுதியதே நாள் முழுவதையும் தின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் அண்ணன் கச்சேரி. அண்ணன் என்றால் எங்கள் பாடகர். குரூப்பில் யாரும் பேர் சொல்வதில்லை. நித்யாவுக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. ஃபாத்திமா போயிருக்கிறாள். சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் அண்ணன் குரல் உடைந்து அப்படியே நின்றுவிட்டதாம். கோரஸ் பெண்கள்தான் பாடி முடித்திருக்கிறார்கள். அந்தத் துண்டை வீடியோவாகப் போட்டு, 'அண்ணனுக்கு உடம்பு முடியல போல. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும். பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு' என்று எழுதியிருக்கிறாள்.

அவ்வளவுதான். இதில் என்ன தப்பு?

கீழே வந்தவை: மைக் கோளாறு, இவளுக்குக் காது கேட்காது. எதிர் பாடகரின் ஆள். அண்ணன் சோற்றில் மண் போடுகிறாள். இன்னும் எழுதக் கூசும் சில.

ஈக்காட்டுத்தாங்கல் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸிலேயே பாதியை நீக்கினேன். உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள் அதைவிட அதிகம் வந்துவிட்டது. ஜி.எஸ்.டி. எண்ணை மாற்றிப் போட்டுவிட்டேன். மேனேஜர், "வசந்தி மேடம், உடம்பு சரியில்லையா?" என்றார். என்ன சொல்ல? யாரோ பாடினதற்கு யாரோ யாரையோ திட்டுகிறார்கள் சார் என்றா?

கேஸ் புக் பண்ணவில்லை.

நவம்பர் 6, வியாழன்

மழை. தோசை மாவு புளித்துவிட்டது.

பாஸ்கர் போன் பண்ணினான். குரூப்பை ஆரம்பித்தவன், இன்னொரு அட்மின். வேளச்சேரியில் தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டிலிருந்தே வேலை. அதனால் ரொம்ப உற்சாகம்.

"ஏய் வசந்தி, ஏன் எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டு இருக்க? குரூப் இப்பதான் பத்திக்கிச்சு."

"பத்திக்கிட்டது குரூப் இல்ல பாஸ்கர். ஒரு பொண்ணு."

"ஓவரா பேசாத. ரெண்டு நாள்ல அடங்கிடும். லூஸ்ல விடு."

இருப்பதிலேயே மோசம் 'அண்ணன் வெறியன்' என்கிற ஐடி. படத்தில் சிங்கம். எழுதுவதெல்லாம் மெட்ராஸ் பாஷை. 'இன்னாமே, எவ்ளோ துட்டு வாங்கினே?' அதற்கு நூற்றுக்கணக்கில் சிரிப்பு, சிவப்பு இதயம். நான் நீக்கினால், நீக்கியதையே படம் பிடித்துப் போட்டு, 'அட்மினம்மா கட்சி மாறிட்டாங்கோ'. இப்போது என்னையும் திட்டுகிறார்கள். பொம்பளையை அட்மினாக வைத்தால் இப்படித்தானாம்.

நடுவில் சீனிவாசன் சார் தாமரைப் பூவோடு காலை வணக்கம். மயிலாப்பூர், இன்ஷூரன்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். வாராவாரம் அண்ணன் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு என்ன ராகம், எங்கே கமகம் என்று இரண்டு பக்கம் எழுதுவார். போன வருடம் அடையாறு பூங்காவில் எல்லோரும் சந்தித்தபோது தூக்கில் கேசரி கொண்டுவந்தார். இவர் மாதிரி நாலு பேர் இருந்தால் குரூப்பில் நான் செய்வதற்கு வேலையே இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணல்.

ஃபாத்திமாவுக்கும் அவள் கணவர் சலீமுக்கும் ராயப்பேட்டையில் தையல் கடை. பிளவுஸ், சுடிதார். கடை நம்பரைத் தேடிப் பிடித்து குரூப்பில் போட்டிருக்கிறான் வெறியன். 'கேக்கணும்னா நேரா கேட்டுக்கோங்கோ நைனா.' நான் பார்த்து நீக்குவதற்குள் எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்களோ.

மத்தியானம் அவளே போன். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"அக்கா, காலைலந்து போன் அட்ச்சிக்கினே கீது. எட்த்தா கெட்ட வார்த்த. ஒருத்தன் உங்க நாட்டுக்குப் போன்னு சொல்றான். எந்த நாட்டுக்குக்கா போறது? எங்க தாத்தாவுக்கு தாத்தா இங்க ராயப்பேட்டைல தறி வச்சிருந்தாரு."

"சலீம் இருக்காரா பக்கத்துல?"

"அவருதான் எட்த்தாரு ஒரு வாட்டி. என்னப் பத்தி அவருகிட்டயே இன்னான்னாவோ சொல்லிக்கிறானுங்க. அப்பலேருந்து பேசல. நெட்ல கடைப் பேருக்குக் கீழ மட்டமா எழுதி வச்சிருக்கானுங்க. அதப் பாத்துட்டு ஒரு அம்மா, கல்யாண பிளவுஸ் துணிய திருப்பி வாங்கிக்கினு போய்ட்டாங்க."

ஆபீஸ் படிக்கட்டில் நின்று பாஸ்கரிடம் கத்தினேன். போலீசுக்குப் போவேன் என்றேன். அப்புறம்தான் இறங்கினான். வெறியனை குரூப்பிலிருந்து தூக்கினேன்.

சாயங்காலம் வீடு திரும்புவதற்குள் 'அண்ணன் வெறியன் 2'. அதே சிங்கம்.

ரவி: "அந்த போனைக் கீழ வைடி. உனக்கு யாராவது சம்பளமா குடுக்கறாங்க?"

இல்லை. அதுதான் கேள்வி. பதில் தெரியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில்! மண்டைவெளி மொட்டை மாடி முழுக்க எல்லார் வீட்டுப் போர்வையும்.

கிளிப் மாட்டிக்கொண்டிருந்தபோது போனில் ஓர் அறிவிப்பு. 'சீனிவாசன் எஸ்: இன்னாமே, கடைய சாத்திட்டியா?'

ஐயோ, பாவம் மனுஷர் ஐடியை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். திறந்து பார்ப்பதற்குள் அது அங்கே இல்லை. அந்த இடத்திலேயே அதே வரி, ஓர் எழுத்து மாறாமல், வெறியன் 2 பேரில்.

ஐடி மாற்ற மறந்து எழுதிவிட்டார். என் போனில் அந்த அறிவிப்பு அப்படியே நிற்கிறது.

தண்ணீர்த் தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். ரவி மேலே வந்து, "என்ன, பேயைப் பார்த்த மாதிரி?" என்றான். காட்டினேன்.

"யாரு, கேசரி கொண்டு வந்தாரே, அவரா?"

சிரித்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

நவம்பர் 11, செவ்வாய்

ஆபீஸ் விட்டு நேரே மயிலாப்பூர். பஸ்ஸில் வழி நெடுகப் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை.

கதவைத் திறந்ததுமே, "வாங்கோ வாங்கோ வசந்தி. நனைஞ்சுண்டா வந்தேள்?" உள்ளே போய்த் துண்டு கொண்டுவந்தார். துப்புரவான வீடு. ஒரு நாற்காலியில் மட்டும்தான் ஆள் உட்கார்ந்த தடம். பெண் வெளிநாட்டில்.

போனை நீட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார். கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்தார். நான் இல்லை என்பார், சண்டை போடலாம் என்று காத்திருந்தேன்.

"காபி கலக்கட்டுமா?"

"வேணாம் சார்."

"வாராவாரம் எழுதறேனே, ஒரு தடவையாவது முழுசாப் படிச்சிருக்கேளா?"

படித்ததில்லை. ஒரு பூப் பொம்மை போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன்.

"யாரும் படிக்கறதில்லை. ஒருநாள் விளையாட்டா எங்க ஃப்ளாட் வாட்ச்மேன் பேசற பாஷைல ரெண்டு வரி எழுதிப் போட்டேன். அத்தனை பேர் வந்துட்டா. கார்த்தால எழுந்து பார்த்தா எல்லாரும் என்னைத் தேடிண்டிருக்கா."

"ஃபாத்திமாவுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியுமா சார்?"

"மதத்தைப் பத்தி நான் ஒரு வார்த்தை எழுதலை. வேணும்னா எடுத்துப் பாருங்கோ."

"நம்பரைப் போட்டது யாரு?"

கண்ணாடியை மறுபடி துடைத்தார். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்.

"முன்ன பின்ன தெரியாதவங்க அவ வீட்டுக்காரர்கிட்ட அவளைப் பத்திப் பேசியிருக்காங்க சார். என் வாயால சொல்ல முடியல. எல்லாத்தையும் அழிங்க. இப்பவே, என் எதிர்லயே."

போனை எடுத்தார். "எங்க அமுக்கணும்?" போடத் தெரிந்த மனிதருக்கு அழிக்கத் தெரியவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தேன். கடைப் பேருக்குக் கீழே எழுதியதில் ஒன்று அவருடையது. அதையும்.

வாசல்வரை வந்தார். "வெளில சொல்லிடாதேங்கோ. என் பொண்ணு அந்த குரூப்ல இருக்கா."

வரும் வழியெல்லாம் கோபம். அந்த ஒற்றை நாற்காலி நினைவுக்கு வந்து நடுவில் பாவம் என்று வேறு தோன்றியது. அது இன்னும் எரிச்சல்.

நவம்பர் 12, புதன்

பாஸ்கரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"அடப்பாவி! அந்த ஆளா! அந்த நோட்டிஃபிகேஷனை அனுப்பு. இப்பவே போடறேன். குரூப் தெறிக்கும்."

"ஃபாத்திமாவைக் கேக்காம எதுவும் கிடையாது."

சாப்பாட்டு வேளையில் அவளுக்குப் போன். சொன்னேன். தையல் மிஷினை நிறுத்தினாள்.

"போடாதீங்கக்கா. போட்டா இன்னா ஆவும்? அந்த ஆளு போன் அட்ச்சிக்கினு கெடக்கும். என்னத் திட்னவனுங்களேதான் நாளைக்கு அவரத் திட்டுவானுங்க. அவனுங்களுக்கு யாராச்சும் ஒருத்தங்க வேணும், அவ்ளோதான்."

"அப்ப சும்மா விட்டுடறதா?"

"யார் சொன்னா? என் கடைக்கு வந்து, என் மூஞ்சியப் பாத்து சொல்லச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு இருக்கறப்போ."

குரூப்பை விட்டுப் போய்விட்டாள். பாட்டு கேட்க குரூப் எதற்கு என்கிறாள்.

அவள் சொன்னதை சீனிவாசன் சாருக்கு அப்படியே எழுதி அனுப்பினேன். படித்துவிட்டார். பதில் இல்லை.

பாஸ்கர்: "நீ அட்மினா இருக்கவே லாயக்கில்ல."

இருக்கலாம்.

நவம்பர் 14, வெள்ளி

கீரைக்காரி வரவில்லை. உருளைக்கிழங்கு மூன்றாவது நாளாக.

குரூப்பில் இப்போது புதுக் கூத்து. 'வெறியன் எங்கே? அட்மின் பதில் சொல்!' ஆளாளுக்குத் தங்கள் படத்தை எடுத்துவிட்டு சிங்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் விதிகள் எழுதிப் போட்டேன்: ஆளைத் திட்டக் கூடாது, போன் நம்பர் போடக் கூடாது, மதம் சாதி கூடாது. முதல் பதில்: 'டீச்சரம்மா, ஒன்னுக்குப் போகலாமா?' அதற்கும் இதயங்கள்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குச் சிகிச்சை எடுக்கிறார் என்று பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி. ஒருவன் அதை குரூப்பில் போட்டான். யாரும் சீண்டவில்லை. சிங்கச் சண்டையில் அது எங்கேயோ கீழே போய்விட்டது. ரசிகர்களாம்.

நித்யா கேட்டாள்: "அம்மா, உன் பாட்டு குரூப்ல பாட்டு எப்ப கேப்பீங்க?"

போய்ப் படி என்று கத்திவிட்டேன். குழந்தை மேல் ஏன்.

நவம்பர் 16, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. ரவி பட்டினப்பாக்கம் போய் வஞ்சிரம் வாங்கிவந்தான். கழுவிக்கொண்டிருந்தபோது ஃபாத்திமா போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"வந்தாருக்கா நேத்து. ஆட்டோல வந்து எறங்கி, கட வாசல்லயே நின்னுக்கினு இருந்தாரு. ஒரு கஸ்டமருக்கு அளவு எட்த்துக்கினு இருந்தேன். ஸ்டூல்ல ஒக்காருங்கன்னேன். அந்தப் பொண்ணு போற வரைக்கும் அப்டியே ஒக்காந்திருந்தாரு. அப்பறம் எங்க வீட்டுக்காரரைக் கூப்ட்டேன். நான்தான் எழுதினேன், நான்தான் நம்பரைப் போட்டேன், தப்புன்னு சொன்னாரு. மெதுவா சொன்னாரு. இவரு, சத்தமா சொல்லுங்கன்னாரு. சொன்னாரு."

"சலீம்?"

"வயசப் பாத்து வுட்டாருக்கா. இல்லன்னா தெர்ல. அப்பறம் அந்தாளு இன்னா சொன்னாரு தெரியுமா? அன்னிக்கு அவரும் மூணாவது வரிசைல இருந்தாராம். அண்ணன் கொரலு போனது அவுருக்கும் கேட்டுதாம். நான் அத எழுதிட்டது தாங்கலையாம்."

கையில் மீனோடு அப்படியே நின்றேன்.

"நீ என்ன சொன்ன?"

"இன்னா சொல்றது? அத அன்னிக்கே எழுதிருந்தா, நானும் உங்க கூட ஒக்காந்து அழுதிருப்பேனே சார்னேன்."

"மன்னிச்சிட்டியா?"

"அதெல்லாம் இல்ல. டீ வாங்கிக் குட்த்தேன், அவ்ளோதான். போன கஸ்டமர் திரும்பி வரலியே."

"குரூப்புக்கு வரியா ஃபாத்திமா?"

"அய்ய, போங்கக்கா."

சிரித்தாள். இரண்டு வாரத்தில் முதல் தடவை.

கை கழுவிவிட்டு குரூப்பைத் திறந்தால் பாஸ்கர் போஸ்ட்: 'யார் அந்த அண்ணன் வெறியன்? இன்று மாலை உண்மை உடையும். காத்திருங்கள் குடும்பமே!' கீழே சிங்கங்கள். எவனோ அதற்குள், 'அட்ரஸும் போடுங்க தல' என்று.

பாஸ்கருக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. 'அவ வேணாம்னு சொல்லிட்டா, அவரும் போய்ப் பேசிட்டார், நிறுத்து' என்று எழுதினேன். 'லேட் வசந்தி, எல்லாரும் வெயிட்டிங்' என்று பதில்.

அவன் போஸ்டை நீக்கினேன். மறுபடி போட்டான். மறுபடி நீக்கினேன்.

குரூப்பை மொத்தமாக நிறுத்தி வைக்க அட்மினுக்கு ஒரு வசதி உண்டு. யாரும் எதுவும் எழுத முடியாது. இத்தனை வருடத்தில் அதைத் தொட்டதே இல்லை. 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். அவனும் திறக்கலாம். திறந்தால் மறுபடி மூடுவேன்.

ரவி மீன் குழம்பு கொதிக்கிறது என்று கத்துகிறான்.

போன். பாஸ்கர்தான். அடிக்கட்டும்.