விருப்பமிருந்தால் நிரப்ப வேண்டிய பக்கம்

பாஸ்டன்
1996 மார்ச் 3

அன்புள்ள நோரீன்,

நீயும் அப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மார்ச் பிறந்தும் பனி விட்டபாடில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கேக்கில் பாதி, என்னோடு மீன் கிடங்கில் வேலை பார்க்கும் டுவைட் வயிற்றுக்குள் போய்விட்டது.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். டப்ளினில் எம்.பி.ஏ. படிக்க விண்ணப்பித்திருக்கிறேன். கிடைத்தால் செப்டம்பரில் அயர்லாந்துக்கே வந்துவிடுவேன். என் கல்லூரி மதிப்பெண்தான் உனக்குத் தெரியுமே. நுழைவுத் தேர்விலும் சுமார்தான். எம்.பி.ஏ. முடித்தவன் என்பதால் டுவைட்டிடம் யோசனை கேட்டேன்.

"மார்க் கம்மின்னா மறைக்காதே, காரணத்தைச் சொல்லு. வேலையில என்ன சாதிச்சேன்னு கணக்கோட எழுது. கடைசியில, விருப்பமிருந்தா நிரப்புன்னு ஒரு பக்கம் இருக்கும். அதைக் காலியா மட்டும் விட்டுடாதே. நீ கோட்டை விட்ட வருஷம் வீட்ல யாருக்காவது உடம்பு முடியாம இருந்துச்சா?" என்றான்.

"அப்பாவுக்குப் பக்கவாதம்."

"அப்புறம் என்னடா? எழுது."

அப்பா விழுந்ததை எழுதினேன். அடுத்த வரியில், வீட்டோடு இருந்து அவரைக் கவனித்துக்கொண்டது நான்தான் என்றும் எழுதிவிட்டேன். நீ செய்ததையெல்லாம் நான் செய்ததாக. நான் டப்ளினில் குடித்துக் கூத்தடித்த வருஷம் அது. விண்ணப்பத்தைத் தபாலிலும் போட்டுவிட்டேன்.

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். கல்லூரியிலிருந்து வீட்டுக்கு ஃபோன் செய்து விசாரித்தால், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் சொல்லிவிடு.

உன் அண்ணன்
ஃபெர்கல்


எனிஸ்
1996 மார்ச் 16

அன்புள்ள ஃபெர்கல்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே நான் அந்தக் கல்லூரியில் உட்கார்ந்திருந்தேன். நேர்காணலுக்கு.

ஆமாம், நானும் விண்ணப்பித்திருந்தேன். பால்பண்ணை அலுவலகத்தில் எட்டு வருஷம் ஓட்டியாயிற்று. கிடைத்த பிறகு சொல்லலாம் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. கால்வேயில் படித்துக்கொண்டே வாரத்தில் நாலு நாள் அப்பாவோடு கிடந்த வருஷம்தானே என் மதிப்பெண்ணும் சரிந்தது? அதைத்தான் அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

நேர்காணல் நடத்திய அம்மாள் நம் இருவர் தாள்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஒரே அப்பா, ஒரே வருஷம். நான்தான் பாத்துக்கிட்டேன்னு உங்க அண்ணனும் எழுதியிருக்காரு, நீங்களும் எழுதியிருக்கீங்க. யாரு சொல்றது நெஜம், மிஸ் ஹெஹிர்?"

உன் தாளை வாசித்தேன். இடது காதுக்குக் கீழிருந்து சவரத்தைத் தொடங்கினால்தான் அப்பா பயப்படமாட்டார் என்று எழுதியிருக்கிறாய். அது நான் உனக்கு ஃபோனில் சொன்னது. நான் பேசப் பேச நீ "ம்... ம்..." என்பாய், பின்னால் பந்தாட்டச் சத்தம் கேட்கும். நீ காதிலேயே வாங்கவில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டும் வரவில்லை.

"அண்ணன்தான் பாத்துக்கிட்டாரு," என்று சொல்லிவிட்டேன். இருவரில் ஒருவர் பொய்யர் ஆகவேண்டும், உன்னைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸில் லிமரிக் வரை அழுதுகொண்டே வந்தேன்.

நீ கேட்ட வார்த்தையை நீ கேட்பதற்கு முன்பே சொல்லியாயிற்று. அப்பா நலம்.

நோரீன்


பாஸ்டன்
1996 ஏப்ரல் 21

நோரீன்,

உன் கடிதம் வந்த அன்றே கல்லூரிக்கு உண்மையை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். உனக்கும் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஃபோன் செய்தால் அப்பா எடுத்து, "அவ வெளியில போயிருக்காடா," என்கிறார். பக்கத்திலேயே நீ இருமுவது கேட்கிறது.

நேற்று கல்லூரியிலிருந்து பதில் வந்தது. என்னை நீக்கிவிட்டார்கள், அது சரிதான். உன் விஷயத்தில், இந்த வருஷப் பட்டியல் முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் விண்ணப்பித்தால் பார்க்கலாம் என்கிறார்கள். உன்னுடைய ஒரு வருஷத்தைத்தான் திருடினேன் என்று நினைத்திருந்தேன். இப்போது இரண்டாகிவிட்டது.

தயவுசெய்து விண்ணப்பி. எல்லாம் செய்தது நோரீன்தான் என்று என் கைப்பட சாட்சிக் கடிதம் எழுதித் தருகிறேன். என்னை நினைத்தால் எனக்கே கூசுகிறது. மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

ஃபெர்கல்


எனிஸ்
1996 மே 6

ஃபெர்கல்,

சாட்சி வேண்டாம். அடுத்த வருஷம் கண்டிப்பாக விண்ணப்பிப்பேன். நுழைவுத் தேர்வை மறுபடி எழுதப் போகிறேன். பால்பண்ணையில் என்னென்ன மாற்றினேன் என்று விவரமாக எழுதுவேன்.

அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் காலியாக விடப்போகிறேன். நேற்று பேனாவோடு உட்கார்ந்து பார்த்தேன். முதல் வரியிலேயே உன் வாக்கியம்தான் வருகிறது. நீ என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறாய். இனி அந்த வருஷத்தைப் பற்றி நான் எதை எழுதினாலும், உன்னைப் பார்த்து எழுதியதுபோலவே இருக்கும்.

மதிப்பெண் குறைவுதான். குறைவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

நோரீன்