பிட்குட் சூளையின் கூஜா

அன்பு டாம்சின்,

"நம்ம ஊர்ச் சூளையை ஏம்ப்பா மூடிட்டாங்க?" என்று சின்ன வயதில் கேட்டாய். இப்போதுதான் தேடிப் பார்த்தேன். எடுத்து நடத்தப் பிள்ளைகள் மிஞ்சவில்லை. குயவர் பிட்குட்டின் குழந்தைகள் எல்லாரும் தேவாலயத் தோட்டத்தில் சின்னச் சின்னக் கற்களின் கீழே கிடக்கிறார்கள். பானைகள் பளபளக்க அவர் மனைவி பூசியது காரீயம்; விஷம். புளித்த ஆப்பிள் மதுவில் அது தேநீரில் சர்க்கரை போலக் கண்ணுக்குத் தெரியாமல் கரையும்.

அந்தச் சூளைக் கூஜாவில்தான் உன் அம்மா தினமும் ஆப்பிள் மது குடித்தாள். பழசாயிற்றே, விடு என்றால், "நீங்களும்தான் பழசு, வாத்தியாரே! தூக்கியா போட்டேன்?" என்று சிரிப்பாள். உனக்கு முன்னால் வயிற்றில் வந்து தங்காமல் போனவர்களுக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை.

அந்தக் கூஜாவைத்தான் உன் கல்யாணத்துக்குக் கொடுத்தேன். மாசமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய்.

இனி அதில் பூ மட்டும் வை.

உன் அப்பா