நாலு நிமிட இருட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இயக்கிய படத்தை நேற்று எங்கள் தியேட்டரில் சோதனைக் காட்சியாக நான்தான் ஓட்டினேன். நாலு நிமிட இருட்டுக் காட்சியைத் தயாரிப்பாளர் வெட்டச் சொல்கிறார், நீயும் தலையாட்டப் போகிறாய் என்று மாமா போனில் சொன்னார். ஆட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

எனக்கு அந்தக் காட்சி பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். படமே தெரியாமல் வெறும் சத்தத்தை ஓட்டப் புரொஜெக்டர் எதற்கு?

திரை கறுத்தால் எங்கள் ஆட்கள் யோசிக்கவே மாட்டார்கள். மெஷின் கோளாறு என்று அரங்க விளக்கைப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. மேனேஜரிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். மனிதர் காதில் வாங்கினால்தானே! பார்வை போன உன் கதாநாயகர் சுவரைத் தடவிக்கொண்டு அடுப்படிக்குப் போகும் நேரம் பார்த்து எல்லா விளக்கையும் போட்டுவிட்டார்.

சரி, கூட்டம் எழுந்துவிடும் என்று நினைத்தேன். பின்வரிசையில் ஒருவர், "யோவ், லைட்டை அணைய்யா! அங்க தண்ணி கொதிக்குது, அவரு கைய விட்டுருவாரோன்னு உயிரே போகுது!" என்று கத்தினார். ஒரு அம்மாள் அவரையும் சேர்த்து அதட்டினாள்: "நீங்க மொதல்ல வாய மூடுங்க, ஒண்ணும் கேக்கல." விளக்கு அணைந்தது. ஒருவரும் அசையவில்லை.

இவர்களுக்குத்தான் ஒன்றும் புரியாது என்கிறார் உன் தயாரிப்பாளர்.

படம் முடிந்ததும் வெளியே வண்டியை எடுக்காமல் நின்று வாதாடினார்கள். பக்கத்து அறையில் இருக்கும் மனைவியை அவர் ஏன் கூப்பிடவில்லை? வீம்பு என்றார் ஒருவர். அவள் தூங்கட்டும் என்றுதான் என்றார் இன்னொருவர். எது சரி அக்கா? எனக்கே மண்டை குடைகிறது.

அம்மாவும் வந்திருந்தாள். அப்பா போனதிலிருந்து அவரைப் பற்றி வாயே திறக்காதவள், வீட்டுக்கு வந்ததும், "உங்கப்பா கண்ணு தெரியாம, என்னைக் கூப்பிடாமலே எப்படிடா தண்ணி எடுத்துக் குடிச்சாரு?" என்று கேட்டாள். எனக்கு எங்கே தெரியும்? சட்டை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால், கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி அடுப்படிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். பிடிக்கப் போனேன். "தொடாதேடா" என்றாள்.

அம்மா இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். அதுவரையாவது வெட்டாதே, அக்கா. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் படத்தை இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளாத தம்பி