குட்டியின் மேல் விழும் பழி

அன்புள்ள பாப்பா,

குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அது கடிக்காத செருப்பு இந்த வீட்டில் இல்லை. மற்றபடி நலம்.

வந்த புதிதில் கூடம் முழுக்க ஈரம்தான். சாப்பிட்டதும் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இரண்டாவது நாய் கூடவே வந்து செய்து காட்டும். நம் பெரியவர், இந்த வீட்டுக்கு முதலில் வந்த நாய் என்ற தோரணையோடு, படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது குட்டி தானே கதவைப் பிராண்டுகிறது. ஆனாலும் சோபா பக்கத்தில் தினமும் ஈரம். "எல்லாம் இந்தக் குட்டிக் கழுதை வேலை" என்று அம்மா திட்டிக்கொண்டே துடைப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை குட்டி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது, பெரியவர் எழுந்து சோபா பக்கம் போனார். நீ பள்ளிக்கூடப் பையில் ஒளித்துக் கொண்டுவந்தவர், விவரம் தெரிந்த நாளிலிருந்து வீட்டுக்குள் ஒரு சொட்டுக்கூடச் சிந்தியதில்லை. முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார்.

அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் ஈரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு என் மடியிலிருந்த குட்டியிடம், "ஏண்டா, உனக்கு எத்தனை தடவை சொல்றது?" என்று சத்தம் போட்டாள். குட்டி தூக்கம் கலைந்து வாலை ஆட்டியது. பெரியவர் மெல்ல வந்து தன் இடத்தில் படுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அப்படியே நடக்கிறது. திட்டு வாங்கியதற்குக் குட்டிக்குச் சமையலறையில் ரகசியமாக ஒரு பிஸ்கட்.

பெரியவரைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னதை நேரில் பேசிக்கொள்ளலாம். அடுத்த மாதம் வருவதாக எழுதியிருந்தாய். இந்த வாரமே லீவு கிடைக்குமா பார். வரும்போது தரை ஈரமாக இருந்தால், நீயும் குட்டியைத் திட்டு.

அப்பா