போனவர்கள் வரும் பாடம்

இன்று காலை மகளுக்குத் தலை வாரியபோது சீப்பில் நொய்யரிசி வந்தது. தட்டில் நொய்யைப் பரப்பி விரலால் 'அ' எழுதிப் பார்த்துவிட்டு, அதே கையால் தலையைச் சொறிந்திருக்கிறாள். நீ தொடங்கிவைத்த பழக்கம்தான். "நோட்டும் வேணாம், பென்சிலும் வேணாம்ங்க. எழுதி முடிச்சா கோழிக்குப் போட்டுடலாம்" என்பாய். உன் பள்ளிக்கூடத்தில் கோழிக்கும் மதிய உணவு உண்டு.

மூன்று வயதுப் பிள்ளையை ஏழு மணிக்கே வேனில் ஏற்றி மன்னார்குடிப் பள்ளிக்கு அனுப்ப உனக்கு மனசில்லை. "ஒரு வருஷம் வீட்டுலயே நான் சொல்லித்தரேன்" என்று நீ ஃபோனில் சொன்னபோது, நான் துபாயில் கடையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். சும்மா சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். நீயோ வாரத்தையே பிரித்துவிட்டாய். உளுந்தையும் பயறையும் கலந்து கொட்டிப் பிரிக்கவிடுவது ஒரு நாள், வாய்க்காலில் எது மிதக்கும் எது முங்கும் என்று போட்டுப் பார்ப்பது ஒரு நாள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அத்தா வகுப்பு. நான் வீடியோவில் வந்து கடையிலிருக்கும் டின்களை எண்ணிக் காட்ட வேண்டும். தாமதமானால் வாத்தியாருக்கே ஆப்சென்ட் போடுவாய்.

அதில் ஒரு பாடம் என்னால் வந்தது. லீவு முடிந்து நான் கிளம்பிய பிறகு பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கு மருந்தாக நீ அவளை வாசலில் நிறுத்தி, போகிறதையும் வருகிறதையும் பார்க்கவைத்தாய். மன்னார்குடி பஸ் போகும், வரும். மீன்காரம்மா போவார், மறுநாள் வருவார். வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோகும், ஆனியில் திரும்ப வரும். கடைசியில் "அத்தா?" என்று கேட்பாய். "போயிட்டு வருவாங்க!" என்று கத்துவாள். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய வீட்டில்தான் இப்படியொரு பாடம் பிறக்கும். அந்தக் கத்தலை ஃபோனில் கேட்டுவிட்டுத்தான் அங்கே நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காய்ச்சல் முற்றி உன்னைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றியபோதும் நீ பாடத்தை விடவில்லை என்று உன் அக்கா சொன்னார். "போயிட்டு வரேன்டா" என்றாயாம். "போயிட்டு வாங்கம்மா" என்று அவளும் கை காட்டினாளாம்.

நான் வந்து சேர்வதற்குள் உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள். அது நம் வழக்கம், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் உன் முகத்தை நான் பார்க்கவில்லை. வாசலில் பெட்டியோடு இறங்கிய என்னைப் பார்த்து மகள் குதித்தாள்: "அத்தா வந்துட்டாங்க! அடுத்து அம்மா!" நான் வந்ததே உன் பாடத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

"வருவாங்கன்னே சொல்லி வைங்க தம்பி. சின்னப் பிள்ளை, மறந்துடும்" என்றார் உன் அக்கா. என்னால் முடியவில்லை. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிற பிள்ளையை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? நீ எதையும் கண்ணால் காட்டித்தான் சொல்லித்தருவாய். போனால் திரும்பி வராத ஒன்றை நானும் இந்த ஊரில் தேடினேன். நெல் அறுத்த வயலில் பயறு முளைத்திருந்தது. வறண்ட வாய்க்காலைக் காட்டினால், "ஆனியில தண்ணி வரும் அத்தா" என்று எனக்கே பாடம் எடுக்கிறாள்.

கடைசியில் வாயால்தான் சொன்னேன்.

"அம்மா மவுத்தாயிட்டாங்கம்மா. இனிமே வர மாட்டாங்க."

"போயிட்டு வரேன்னு சொன்னாங்களே?"

"வரணும்னு நினைச்சுத்தான் சொன்னாங்க. முடியல."

அவள் அழவில்லை. என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "நீங்க?"

துபாய் வேலையை விட்டுவிட்டேன். மன்னார்குடிக் கடைத்தெருவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். நேற்றுக் கிளம்பும்போது செருப்பைக் காணோம். ஒளித்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். நான் தேடவில்லை. வெறுங்காலோடு போய், சாயங்காலம் வெறுங்காலோடு திரும்பி வந்தேன். உன் பாடத்தில் பாதியை உடைத்தவன் நான். மிச்சமாவது அவளுக்குப் பொய்யாகாமல் இருக்கட்டும் என்று போய்ப் போய் வருகிறேன். இன்றும் செருப்பைக் காணோம்.